பேசின் பிரிட்ஜில் நின்ற கோப்பை

சென்ட்ரல் போகும் ரயில்கள் பேசின் பிரிட்ஜில் ஏன் நிற்கின்றன என்பது பரம ரகசியம். ஊர் வந்தாச்சு என்று பெட்டியை இறக்கிவைத்து, கதவோரம் நின்று காத்திருப்போம். 2018-19 ஐ-லீக் சீஸனை நினைத்தால் எனக்கு அந்தக் காத்திருப்புதான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 9, 2019. கோவையில் மினர்வா பஞ்சாபுடன் கடைசி மாட்ச். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியது சென்னை சிட்டி. சறுக்கினால் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு. அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. இருபது ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழகக் குழு. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பழக்கிய பாஸிங் ஆட்டம், பார்க்கவே அழகு.

குறைகள் இரண்டு. பெயரில் சென்னை, மைதானம் கோவை. பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், வியாசர்பாடியில் பந்தோடு வளரும் பசங்களுக்கு அந்தக் கோப்பை ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி.

இன்னொன்று பெரிசு. ஐ-லீக்கில் ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லில் இடமில்லை. அதே 2019-ல், இனி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவாயிற்று. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏற வழி பிறந்தது 2022-23 சீஸனில்தான். அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

ஸிக்னல் விழுந்தது. வண்டியைத்தான் காணோம்.