பெரியவர்களுக்கு என்ன வேஷம்?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் இப்போது ஹாலோவீனும் வந்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கிய சூனியக்காரித் தொப்பி, பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஆரஞ்சு பலூன், வீடு வீடாகச் சாக்லேட். "இதெல்லாம் நமக்கெதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்தநாள் கேக்கை ஏற்றுக்கொண்ட ஊர் இது, இதையும் ஏற்றுக்கொள்ளும். எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வமில்லை. குழந்தைகள் பயப்படக் கூடாது என்று அளந்து தயாரித்த ஒரு பேய்க் கொண்டாட்டத்தில், கூட வருகிற பெரியவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா? நாளைக்குப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இதையே பெரிதாக நடத்தினால், டிக்கெட் வாங்கிப் போகும் முப்பத்தைந்து வயதுக்காரர் சந்தோஷமாகத் திரும்புவாரா?

அமெரிக்கப் பூங்காக்கள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்துவிட்டன. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973இல் பேய் இரவுகளைத் தொடங்கியது. 1991இல் ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் இறங்கியது. இரண்டும் அலறவைக்கும் ரகம், சின்னப் பிள்ளைகளோடு போக முடியாது. 1995இல் டிஸ்னி எதிர்த்திசையில் போனது. அவர்கள் விருந்துக்கு வைத்த பெயரிலேயே 'அவ்வளவு பயங்கரமில்லாத' என்ற உத்தரவாதம் இருந்தது. தனி டிக்கெட், மிட்டாய், ஊர்வலம், வாணவேடிக்கை. முப்பது வருடமாக அது ஓடுகிறது, குழந்தையில்லாத பெரியவர்களும் கூட்டமாகப் போகிறார்கள்.

ஏன் போகிறார்கள் என்பதற்கான குறிப்பு அந்தப் பூங்காவின் விதிமுறையிலேயே இருக்கிறது. சாதாரண நாட்களில் பதினான்கு வயதைத் தாண்டியவர்கள் அங்கே வேஷம் போட்டுக்கொண்டு நுழைய முடியாது. ஹாலோவீன் விருந்து இரவில் எந்த வயதுக்காரரும் போடலாம், பெரியவர்கள் முகமூடி மட்டும் அணியக் கூடாது. பெரியவர்கள் காசு கொடுத்து வாங்குவது பயத்தை அல்ல, அந்த அனுமதியை. ஓர் இரவுக்குக் கணக்காளர் கடற்கொள்ளையன் ஆகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நம் குடியிருப்பு ஹாலோவீனில் இந்த அனுமதி இல்லை. அரக்கன் வேஷம் மகனுக்கு, தேவதை வேஷம் மகளுக்கு. அப்பாவுக்கு டீ ஷர்ட், கையில் செல்போன். அம்மாவுக்கு சமோசா தட்டும் "தள்ளிப் போகாதடா" என்ற வசனமும். பணம் கட்டுபவர், படம் எடுப்பவர், பை தூக்குபவர் என்ற மூன்று வேடங்களைத் தவிர பெரியவர்களுக்கு நாடகத்தில் இடமே கிடையாது. "புள்ளைங்க சந்தோஷம்தானே நம்ம சந்தோஷம்" என்பார்கள். பாதி உண்மை. முதல் அரைமணி நேரம் அது போதும். பிறகு பெரியவர்கள் கூட்டமாக ஒதுங்கி வாட்டர் டாங்கர் செலவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். குழந்தைகள் அதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள். இது பெரியவர்கள் நம்பாத விளையாட்டு என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் பேயோடும் முகமூடியோடும் பழகத் தெரியாத ஊரல்ல இது. ஹாலோவீன் பூசணியைப் புதிதாக அறிமுகம் செய்கிறார்கள். ஆவடியில் பாதி கட்டி நிற்கும் எந்த வீட்டைப் பார்த்தாலும் நாக்கைத் துருத்திக்கொண்டு, கோரைப்பல் காட்டியபடி ஒரு பூசணிக்காய் தொங்குகிறது. ஆயுத பூஜை அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வாசல்தோறும் குங்குமம் நிரப்பிய பூசணி உடைகிறது. மறுநாள் டூவீலர்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டே வளைந்து போகிறார்கள். அந்தப் பூசணியின் வேலை அலங்காரம் அல்ல. இருபது வருடக் கடனில் வீடு கட்டுபவரின் அச்சம் அதற்குள் இருக்கிறது. குழந்தைக்கு அது வேடிக்கையான மூஞ்சி, அப்பாவுக்கு அது காவல்.

வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் கையேந்துவதும் நமக்குத் தெரிந்த வழக்கம்தான். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி, குறத்தி, குரங்கு, போலீஸ்காரர் என்று வேடமணிகிறார்கள். அந்த வேடத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி உண்டியலில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். வேஷம் போடுபவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். வருஷம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் சில நாள் தெருவில் பிச்சை கேட்கிறார். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

வடதமிழ்நாட்டுக்குச் சொந்தமானது மயானக் கொள்ளை. மாசியில், மகா சிவராத்திரிக்கு மறுநாள், மேல்மலையனூரில் தொடங்கி அங்காளம்மன் கோயில் இருக்கும் ஊர்களிலெல்லாம் நடப்பது. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம் வருகிற பிச்சையையெல்லாம் தானே தின்றுகொண்டிருக்கிறது. அம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைக்கிறாள், கபாலம் கீழே இறங்கியதும் மிதித்துவிடுகிறாள். அதன் நினைவாகத்தான் நீல முகமும் சிவந்த நாக்குமாகக் காளி வேஷக்காரர்கள் மயானத்துக்குப் போகிறார்கள். தானியம், காய்கறி, கொழுக்கட்டை, சில்லறைக் காசு எல்லாம் வாரி இறைக்கப்படுகிறது, கூட்டம் பாய்ந்து பொறுக்குகிறது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது நிறமும் மேளமும். தோள் கொடுத்திருக்கும் அப்பாவுக்கு, போன வருஷம் தன் அப்பாவை எரித்த இடம்.

இதைச் சொல்லிப் பழைமைக்குக் கொடி பிடிக்க எனக்கு விருப்பமில்லை. உயிர்ப்பலியும் சாராயமும் எந்தச் சாதி எங்கே நிற்கலாம் என்ற கணக்கும் இத்தகைய விழாக்களோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. சாமியாடும் பெண்ணை 'என்ஜாய்' பண்ணுகிறாள் என்று சொல்வது அபத்தம். நேர்த்திக்கடனை டிக்கெட் போட்டு விற்கவும் முடியாது. ஆனால் அமைப்பைக் கவனிக்கலாம். ஒரே நிகழ்ச்சிக்குள் நுழையக் குழந்தைக்கு ஒரு வாசலும் பெரியவருக்கு இன்னொரு வாசலும் இருக்கின்றன. குழந்தை ஆச்சரியத்தின் வழியாக வருகிறது. பெரியவர் தன்னுடைய சொந்த இழப்பு, ஆசை, பயம் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்.

ஹாலோவீனுக்கும் அந்த இரண்டாவது வாசல் இருந்தது. அது சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு. அதற்கு இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2 அன்று, நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் திருநாளுக்குப் போகின்றன. புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பாட்டி அழுகிறார். பேரன் உருகிய மெழுகை உருட்டிப் பந்து செய்கிறான். இதைவிடக் 'குடும்பத்துக்கு ஏற்ற' நிகழ்ச்சி எது? நாம் இறக்குமதி செய்த ஹாலோவீனில் மிட்டாய் வந்தது, செத்தவர்கள் வரவில்லை.

வணிகக் கேளிக்கையால் இது முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் வந்தது. தயாரித்தவர் நவோதயா அப்பச்சன். 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கியவரும் அவரே. மலையாள நாட்டார் நம்பிக்கையில் பெரியவர்களே நடுங்கும் குட்டிச்சாத்தானை அந்தப் படம் குழந்தைகளின் கூட்டாளியாக்கியது. அவர்கள் சுவரிலும் கூரையிலும் நடந்தார்கள். ஆனால் கதையில் ஒரு குடிகார அப்பாவும் இருக்கிறார், அந்தப் பெண்குழந்தையின் வீட்டு இருட்டு உண்மையானது. படத்தின் பேயைவிட அந்த வீடுதான் அரங்கிலிருந்த பெற்றோருக்குக் கனமாக இருந்திருக்கும்.

2011இல் 'காஞ்சனா'வும் அதைத்தான் செய்தது, இன்னும் இரைச்சலாக. ராகவா லாரன்ஸ் பேய்க்குப் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிவதைப் பார்த்துக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரத்குமாரின் காஞ்சனாவோ நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற புறநகர்க்காரர்களுக்கு அது வெறும் பேய்க்கதையா என்ன? படத்தின் மலிவான இடங்களை நான் மறக்கவில்லை. ஆனால் மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து மூன்று காரணங்களுக்காக அதைப் பார்த்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. பயத்தைக் குறைத்தாலும் பெரியவர்கள் ரசிப்பார்கள். அவர்களுக்கு வேலையே கொடுக்காவிட்டால்தான் ரசிக்க மாட்டார்கள். பூந்தமல்லிப் பக்கத்துப் பூங்கா ஒன்று இதை நடத்துவதானால் செயற்கைப் புகைக்கும் ரப்பர் மண்டையோட்டுக்கும் செலவழிக்க வேண்டாம். வாசலிலேயே பெரியவர்களுக்கும் அரிதாரம் பூச ஆள் வைக்கட்டும். பக்கத்து மாவட்டக் கூத்துக் கலைஞர்களை நியாயமான கூலிக்கு அழைத்துக் கட்டியங்காரனிடம் இரவை ஒப்படைக்கட்டும். ஒரு மூலையில் விளக்கைக் குறைத்து, தாத்தா பாட்டிகளைத் தங்கள் ஊர்ப் புளியமரத்துக் கதையைச் சொல்ல விடட்டும். குடியிருப்புச் சங்கங்களுக்கு இன்னும் சுலபம். இந்த வருடம் அப்பாக்களும் வேஷம் போட்டுத்தான் கீழே இறங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். ஐந்தாம் மாடி பேங்க் மேனேஜர் பூச்சாண்டியாக லிஃப்டிலிருந்து வெளியே வரட்டும், அவருடைய மகள் அந்த இரவை மறக்க மாட்டாள்.