ஐம்பத்தோராவது பிள்ளை

ஒரு சிறுவர் ஐஸ் ஹொக்கி அணியில் பொதுவாக 17 பேர் இருப்பார்கள். 15 ஆட்டக்காரர், 2 கோல் காப்பாளர். மூன்று அணிகளைச் சேர்த்தால் 51 பேர். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 கோடையில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் அணி விளையாட்டுகளுக்கு விதித்த எல்லையோ 50. ஒரு லீக்கில் 50 பேருக்கு மேல் இருந்தால் அதை 50 பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரிக்கவேண்டும். ஒரு குழுவின் அணி இன்னொரு குழுவின் அணியோடு மோதக்கூடாது. ஒரேயொரு பிள்ளை கூடிப்போனதால் மூன்று அணிகள் ஒரு குழுவுக்குள் அடங்கவில்லை. இரண்டே அணிகளை வைத்துக்கொண்டு பருவம் முழுக்க லீக் நடத்தவும் முடியாது.

அந்த 51ஆவது பிள்ளையை வெளியே விடாமல் இருப்பதற்காகச் சங்கங்கள் அணிகளைச் சிறிதாக்கின. பல இடங்களில் ஒன்பது, பத்து ஆட்டக்காரரும் ஒரு கோல் காப்பாளரும் கொண்ட அணிகள் உருவாகின. ஐந்துக்கு ஐந்து ஆடிய பிள்ளைகள் நாலுக்கு நாலு, சில இடங்களில் மூன்றுக்கு மூன்று என்று ஆடினார்கள். வேண்டுமென்றே உடலோடு உடல் மோதுவதற்கும் தடை வந்தது. சுகாதாரத்துக்காகப் போட்ட ஓர் எண், ஆட்டத்தையே மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தில் பிள்ளைகள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று நாங்கள் இன்னும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை.

முதலில் பெற்றதைப் பார்ப்போம். 15 ஆட்டக்காரர் உள்ள அணியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் இறங்கினால், 45 நிமிட ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்குச் சராசரியாகக் கிடைப்பது 15 நிமிடம். ஒன்பது பேர் உள்ள அணியில் நாலு பேர் இறங்கினால் அது 20 நிமிடமாகிறது. வட அமெரிக்க ஆடுகளம் ஏறக்குறைய 61 மீற்றர் நீளம், 26 மீற்றர் அகலம். பத்துப் பேர் ஓடிய இடத்தில் எட்டுப் பேர் ஓடும்போது தலைக்கு 25 வீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது.

இந்தக் கணக்கு ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்துக்கு ஐந்தில், தயக்கமுள்ள பிள்ளை பலகையோரம் ஒதுங்கி நின்று, கெட்டிக்காரப் பிள்ளை பக் என்ற ரப்பர் வட்டைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாலுக்கு நாலில் ஒதுங்க இடமில்லை. பின்களப் பிள்ளை தனியாக ஒருவனை எதிர்கொண்டு, பின்னோக்கிச் சறுக்கியபடியே உடம்பைத் திருப்பவேண்டும். முன்களப் பிள்ளை பக்கை இழந்தால் தானே ஓடிவந்து தடுக்கவேண்டும். கோல் காப்பாளருக்கு முன்னே இரண்டுக்கு ஒன்று என்ற தாக்குதல் அடிக்கடி வரும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைச் சிறிய களத்தில் ஆடவிடவேண்டும் என்று ஹொக்கி கனடா பெருந்தொற்றுக்கு முன்னரே விதி செய்திருந்தது. பெரிய பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும் என்பதை இந்தக் கட்டாயம் காட்டியது.

இழப்பும் சிறியதல்ல. கனடாவில் 2013 முதல் உடல் மோதல் 13 வயதுப் பிரிவில்தான் தொடங்குகிறது. 2007இல் பிறந்த பிள்ளைகள் போட்டிப் பிரிவுகளில் அதை முதன்முதலாகப் பழகவேண்டிய பருவம் 2020–21. மோதுவதைவிட, மோதலை வாங்கப் பழகுவதுதான் முக்கியம். பலகையோரம் தலையை நிமிர்த்தி வைப்பது, முழங்காலை மடித்துப் பாரத்தை இறக்குவது, முதுகுப்பக்கம் வருபவனைத் தோளுக்கு மேலால் பார்ப்பது எல்லாம் எதிராளி இன்னும் சின்ன உடம்போடு இருக்கும்போது கற்கவேண்டியவை. ஒரு வருடம் கழித்து, வளர்ந்து பாரமேறிய உடம்புகளோடு அந்தப் பாடத்தைத் தொடங்குவது ஆபத்தானது.

எல்லை தேவையா என்று கேட்டால், தேவைதான். 2020 ஜூன் 16 அன்று புளோரிடாவின் டாம்பா பகுதியில் வளர்ந்தவர்களின் பொழுதுபோக்கு ஆட்டமொன்று நடந்தது. ஆடியவர்கள் 22 பேர். அவர்களில் ஒருவருக்கு அடுத்த நாள் அறிகுறி தெரிந்தது. அடுத்த சில நாட்களில் மேலும் 13 ஆட்டக்காரரும் அரங்க ஊழியர் ஒருவரும் நோயுற்றார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை அந்த ஒக்டோபரில் அறிக்கையாக வெளியிட்டது. அதே மாதத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஹொக்கியோடு தொடர்புள்ள 117 தொற்றுகளைக் கண்டு உள்ளரங்க ஹொக்கியை இரண்டு வாரம் நிறுத்தியது. மசச்சூசெட்ஸ் மாநிலம் குறைந்தது 30 தொற்றுக் கொத்துகளைக் கண்டு, ஒக்டோபர் 23 முதல் நவம்பர் 7 வரை பனி அரங்குகளை மூடியது. நவம்பர் நடுவில் வடகிழக்கு மாநிலங்கள் ஏழு ஒன்றுசேர்ந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சிறுவர் ஹொக்கியை நிறுத்தின. இவை வீண் பயத்தில் எடுத்த முடிவுகள் அல்ல.

ஆனால் டாம்பாவில் ஆடியவர்கள் 22 பேர்தான் என்பதைக் கவனியுங்கள். 50 என்ற எல்லைக்குப் பாதிகூட இல்லை. எல்லைக்குள் நின்றும் தொற்று பரவியதென்றால், தலையை மட்டும் எண்ணியது போதவில்லை என்றுதான் அர்த்தம்.

பனி அரங்கின் காற்றை யோசித்துப் பாருங்கள். பனித்தரைக்கு மேலே குளிர்ந்த காற்று பாரமாகப் படிந்து கிடக்கும். அதன் மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். களத்தைச் சுற்றிலும் பலகையும் கண்ணாடித் தடுப்பும் இருப்பதால் ஓட்டம் இன்னும் குறைகிறது. அந்தத் தொட்டிக்குள் பிள்ளைகள் 40, 50 செக்கன் முழு வேகத்தில் ஓடி, மூச்சிரைக்க வாங்கில் தோளோடு தோள் அமர்கிறார்கள். இந்தக் காற்றின் குறை புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பனியைச் சீர்செய்யும் இயந்திரத்தின் புகை அரங்குக்குள் தங்கிப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்பதால், மினசோட்டா மாநிலம் 1970களிலேயே அரங்கக் காற்றை அளக்க விதி செய்தது. காற்றை அளக்கும் வழக்கம் ஹொக்கிக்குப் பழையது. பெருந்தொற்று வந்தபோது அந்த வழக்கத்தை முன்னுக்குக் கொண்டுவராமல் வாசலில் தலையை எண்ணினோம்.

பார்வையாளரை எண்ணியதிலும் ஒரே முறை இல்லை. 2021 ஜனவரியில் ஆட்டங்கள் திரும்பியபோது மினசோட்டா, அரங்கக் கொள்ளளவில் 25 வீதம், ஆகக்கூடியது 150 பேர் என்றது. மசச்சூசெட்ஸ், 18 வயதுக்குட்பட்ட ஒரு வீரருக்கு ஒரு பெற்றோர் என்று வகுத்தது. என் பார்வையில் இரண்டாவது முறைதான் நியாயமானது. அது கட்டடத்தைப் பார்த்துப் போட்ட எண் அல்ல. பிள்ளையைப் பார்த்துப் போட்டது. 50 பேர்தான் என்று ஒரு கூரைக்கு வரம்பு போட்டால், இரண்டு முழு அணிகளில் 34 பிள்ளைகள், பயிற்றுநர் எட்டுப் பேர், நடுவர், நேரம் பார்ப்பவர், அரங்க ஊழியர் என்று எண்ணும்போதே இடம் முடிந்துவிடும். தாய்க்கும் தகப்பனுக்கும் வாசல் அடைபட்டுவிடும்.

அந்த வாசலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உடை மாற்றும் அறை பூட்டியிருக்கும். வாகனத் தரிப்பிடத்தில், பின்கதவைத் திறந்துவைத்த வானுக்குள் பிள்ளை இருக்க, தாய் விரல் விறைக்க ஸ்கேற் நாடாவை இழுத்துக் கட்டுவார். பிள்ளை அலகுக்கு உறை மாட்டித் தாரில் தட்டித்தட்டி நடந்து உள்ளே போகும். தாய் திரும்பிவந்து ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் லைவ்பார்ன் நேரலையைத் திறப்பார். அரங்கக் கமரா பக் போகும் பக்கம்தான் திரும்பும். வாங்கில் இருக்கும் பிள்ளையைக் காட்டாது. விழுந்து எழுந்த பிள்ளை சிரிக்கிறதா, அழுகிறதா என்று தாய்க்குத் தெரியாது.

ரொறன்ரோவிலும் பக்கத்திலுள்ள பீல் பிராந்தியத்திலும் அந்த அரைகுறை ஆட்டமும் நீடிக்கவில்லை. ஒக்டோபரில் கட்டுப்பாடு இறுகியது. நவம்பர் 23இல் முழு முடக்கம் வந்தது. டிசம்பர் 26இல் மாகாணம் முழுக்க மூடப்பட்டது. ஸ்காபரோ, பிரம்ரன் போன்ற எங்கள் சனம் செறிந்து வாழும் இடங்களில் பெற்றோர் களஞ்சியங்களிலும் தொழிற்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளின் அரங்குதான் பூட்டிக் கிடந்தது.

வழி உள்ளவர்கள் வெளியே போனார்கள். இளையோருக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக் 2020–21 பருவத்தை முற்றாக ரத்துச் செய்தது. அந்த லீக்கில் ஆடிவந்த மேசன் மக்டாவிஷ் சுவிற்சர்லாந்தின் ஓல்டன் அணிக்குப் போய் ஆடினார், 2021 என்.எச்.எல். தெரிவில் மூன்றாவதாக எடுக்கப்பட்டார். பிராண்ட் கிளார்க் சுலோவாக்கியாவில் ஆடி எட்டாவதாக எடுக்கப்பட்டார். 2021 ஜூனில் ஒன்ராறியோ லீக் இளையோரைத் தெரிவு செய்தபோது முதலாவதாக அழைக்கப்பட்டவர் அமெரிக்கரான குவென்டின் மஸ்டி. அந்த வயது ஒன்ராறியோப் பிள்ளைகளில் பலரிடம் அந்தப் பருவத்துக்கென்று காட்டப் போதிய ஆட்டங்கள் இருக்கவில்லை. இந்த மூன்று வீரர்களின் திறமையிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் திறமையைக் காட்டக் களம் வேண்டும். ஐரோப்பாவுக்கு அனுப்பக் குடும்பத்திடம் வசதி இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையில் அந்த ஒரு வருடம் வைத்த தூரத்தை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது.

என் தீர்ப்பு இதுதான். அணியைச் சிறிதாக்கியது சரி. அதைப் பெருந்தொற்றோடு மறந்துவிடாமல், 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கும் பருவத்தின் ஒரு பகுதியை நாலுக்கு நாலாக ஆடவிடவேண்டும். உடை மாற்றும் அறையைப் பூட்டியது சரி. காற்றை அளக்காமல் தலையை மட்டும் எண்ணியது பிழை. சிறுவரின் களத்தை மூடுவதைக் கடைசி நடவடிக்கையாக வைக்காதது அதைவிடப் பெரிய பிழை.

உங்கள் பிள்ளை ஆடும் அரங்கின் முகாமையாளரிடம் இந்தக் கிழமையே இரண்டு கேள்வி கேளுங்கள். மணிக்கு எத்தனை தடவை இங்கே காற்று மாற்றப்படுகிறது? காபனீரொட்சைட் அளவு காட்டும் கருவி வாங்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பதில் இல்லையென்றால் நகரசபை உறுப்பினருக்கு எழுதுங்கள். அடுத்த தொற்று வரும்போது 51ஆவது பிள்ளையும் உள்ளே இருக்கவேண்டுமென்றால், அதற்கான வேலையை அரங்குகள் திறந்திருக்கும் இப்போதே செய்யவேண்டும்.