பெயர் மாறினால் இனமும் மாறுமோ?

பெயர் என்பது வெறும் ஒலிக்கூட்டம் அன்று. அது பொருளுக்கும் அதனை அறிவோர்க்கும் இடையே உள்ள உடன்படிக்கை. நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். அரபு இலக்கண நூலாரோ ஊர்ப்பெயரிலிருந்து மக்கட்பெயரை ஆக்கும் முறைக்கு ‘நிஸ்பத்’ எனத் தனி இயலே வகுத்தனர். மெய்யான நாடுகளுக்கு இத்துணை நுட்பம் தேவைதான். தொலைக்காட்சியில் தோன்றும் கற்பனைக் கோள்களுக்கும் வேற்றுலக இனங்களுக்கும் இது எதற்கு எனச் சிலர் வினவலாம். கற்பனைக்கே அது மிகுதியும் வேண்டும் என்பது என் கருத்து. மிஸ்ர் நாட்டின் பெயரை ஒருவர் பிழையாக எழுதினாலும் நைல் நதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கற்பனைக் கோளுக்கோ பெயரன்றி வேறு மண் இல்லை.

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஸ்பாக்கின் தந்தைவழி இனத்தார், முதற்பருவக் கதைகள் சிலவற்றில் ‘வல்கானியர்’ எனப்படுகின்றனர். பிறவற்றில் ‘வல்கன்’ எனப்படுகின்றனர். பின்னர் கோளுக்கும் மக்களுக்கும் வல்கன் என்ற ஒரே பெயர் நிலைத்தது. மிஸ்ரிலிருந்து ‘மிஸ்ரீ’ பிறப்பது போல, வல்கனிலிருந்து வல்கானியர் பிறப்பதில் இலக்கண வழு இல்லை. இரண்டையும் காரணமின்றிக் கலந்ததே வழு. ஆயினும் இதனால் இனத்தின் இயல்பு மாறவில்லை, பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் உள்ளது. 1963-ஆம் ஆண்டு இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கதையொன்றில், ஸ்காரோ என்னும் கோளையும் அங்கே இயந்திரக் கூட்டினுள் வாழும் டாலெக்குகளையும் டெர்ரி நேஷன் படைத்தார். அவற்றின் முன்னோர் ‘டால்கள்’ என்றும், அவர்கள் ஆசிரியர்களும் தத்துவ அறிஞர்களுமாய் விளங்கினர் என்றும், அவர்களோடு பொருத ‘தால்’ இனத்தாரே போர்மறவர் என்றும் அக்கதை கூறியது. 1975-இல் அதே ஆசிரியர் டாலெக்குகளின் தோற்றத்தை மீண்டும் எழுதியபோது, முன்னோர் ‘காலெட்’ ஆகிவிட்டனர். ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் டாலெக் காலெட் ஆகும்! ரோமன் எழுத்தையே கண்டிராத மக்களுக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது? அதுவும் போகட்டும். புதிய காலெட்டுகள் அறிஞர் அல்லர்; சீருடை அணிந்து இனத்தூய்மை பேசும் படைக்கூட்டத்தார். தனியே நோக்கின் அக்கதை வலிமை மிக்கது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கற்றறிந்த ஓர் இனம் எங்ஙனம் அத்தகைய கொடுமைக்குச் சரிந்தது என்னும் ஆழ்ந்த வினா, பெயரோடு சேர்ந்து மறைந்தது. ஆசிரியத் தொழிலில் காலம் கழித்த எனக்கு, சொல்லாமல் துடைக்கப்பட்ட அந்த ஆசிரியர் இனத்தின் மீது இரக்கம் உண்டாவது இயல்பே.

பெயர் வேறுபாடு எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாம் ஆதிரை என்னும் விண்மீனை அரபியர் ‘யதுல் ஜவ்ஸா’ என்றனர். இடைக்கால ஐரோப்பியர் ‘யே’யின் இரு புள்ளிகளை ‘பே’யின் ஒரு புள்ளியாக மயங்கிப் படித்ததால், அது ‘பெட்டல்ஜூஸ்’ என்று திரிந்தது. இது பிழையே, எனினும் வரலாறு உடைய பிழை. கிளிங்கன் மக்களின் தாய்க்கோளிலும் இத்தகைய அழகு உண்டு. 1988-இல் ஒரு கதை அதனைக் ‘கிளிங்’ என்றது, அது கவனக்குறைவு. 1991-இல் வந்த திரைப்படமோ அதற்குக் ‘க்ரோனோஸ்’ என்று பெயரிட்டது. மொழியியலார் மார்க் ஓக்ராண்ட் அமைத்த கிளிங்கன் மொழியில் அப்பெயரின் முதலெழுத்து, நாவின் அடியில் பிறக்கும் அரபுக் ‘காஃபை’ ஒத்தது; இடையில் ‘ஹம்ஸா’ போன்ற ஒரு நிறுத்தமும் உண்டு. ஆங்கில நா அதனை மழுக்கிக் க்ரோனோஸ் ஆக்கிற்று. மெய்யுலகிலும் பெயர்கள் இவ்வாறே திரிகின்றன.

இனி, மிக நுட்பமான ஒன்று. 1970-இல் டாக்டர் ஹூ தொடரில் மால்கம் ஹல்க், மனிதனுக்கு முன் புவியை ஆண்ட ஊர்வன இனத்திற்குச் ‘சைலூரியர்’ என்று பெயர் தந்தார். சைலூரியன் காலமோ ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அன்று ஊர்வனவே இல்லை. 1972-இல் அவரே எழுதிய அடுத்த கதையில், அப்பெயர் பிழை, ‘இயோசீனியர்’ என்பதே பொருந்தும் என்று டாக்டர் திருத்துகிறார். தவற்றை ஒப்புக்கொண்ட பண்பு பாராட்டுக்குரியது. ஆனால் திருத்தமும் மனிதன் இட்ட பெயரே. அக்கதையில் வரும் அவர்களுடைய கடல்வாழ் உறவினரை மனிதர் ‘கடற்பேய்கள்’ என்று ஏசினர். 1984-இல் வேறொருவர் எழுதிய கதையில் அவ்வினத் தலைவனே தன் வீரரை அவ்வசைப்பெயரால் சுட்டுகிறான்!

இதனைச் சிறு பிழை என்று எவ்வாறு தள்ளுவது? போர்த்துக்கீசியர் இட்ட ‘மூர்’ என்னும் பெயர் இலங்கை முஸ்லிம்களின் அரசாங்கப் பதிவேடுகளில் இன்றளவும் நிற்பதை அறிந்த நமக்கு, அயலான் சூட்டிய பெயரைத் தன் பெயராய்ச் சுமப்பது என்னவென்று பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பெயர் மாறலாம், மாற்றத்திற்குக் கதையினுள் காரணம் வேண்டும். “போன கதையில் இவர்களுக்கு வேறு பெயராயிற்றே!” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், நகைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் நினைவில் வைத்திருந்ததை எழுதியவர் மறந்துவிட்டார். குறை கேட்டவரிடம் இல்லை.