நிறுத்திப் பார்க்கும் கலை

கம்ப்யூட்டர் விசிறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலோர் கேபினட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். சுற்றினால் மூடிவிடுவார்கள். எனக்கு அது போதுவதில்லை. எந்த வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியும், நின்றுவிட்டால் மறுபடி எழுமா என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு விசிறியைத் தெரியும். அவற்றைக் கேட்டறிய லினக்ஸின் கறுப்புத் திரையைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை.

இப்போதைய விசிறிகளுக்குப் பெரும்பாலும் நான்கு ஒயர்கள். ஒன்று கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட். மூன்றாவதில் விசிறி பேசுகிறது: ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நான்காவதில் அது கேட்கிறது: நொடிக்குச் சுமார் 25,000 முறை வரும் துடிப்புகள், ஒவ்வொன்றிலும் சிக்னல் எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு வேகம். இவ்வளவு நுட்பத்தையும் லினக்ஸ் இரண்டு சாதாரண ஃபைல்களாக்கி நம் கையில் கொடுத்துவிடுகிறது. ஒன்றைப் படித்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரியும். இன்னொன்றில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் வேகம் மாறும்.

'சென்சார்ஸ்' என்று தட்டினால் வேகங்களும் வெப்பநிலைகளும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு? அதைக் கண்டுபிடிக்க, எல்எம்-சென்சார்ஸ் தொகுப்போடு வரும் 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' என்ற சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் எல்லா விசிறிகளையும் முழு வேகத்துக்கு ஏற்றுகிறது. அறையே இரைகிறது. பிறகு ஒரே ஒரு கட்டுப்பாட்டை 0 ஆக்குகிறது, சில நொடி பொறுக்கிறது, எல்லா வேகங்களையும் மறுபடி படிக்கிறது. எது சரிந்ததோ அதுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குச் சொந்தம். எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று எழுதி வைக்காத வீட்டில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் எலக்ட்ரீஷியனின் முறை இது. பெயர்ப் பலகையை நம்புவதில்லை. நடப்பதை மட்டும் நம்புகிறது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 255, 240, 225 என்று படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் வேகத்தைக் குறித்துக்கொண்டே போகிறது. நல்ல விசிறி சீராக இறங்கும். வேகம் பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதியாகிறது. விசிறியைச் சுழற்றத் தேவைப்படும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிறது. இரைச்சல் அடங்கி, கடைசியில் மூச்சுப் போலாகி, ஓர் எண்ணில் விசிறி நின்றுவிடலாம். அந்த எண்ணுக்கே திரும்பப் போனால் அது எழாது. நிற்கிற வண்டியை நகர்த்தத் தேவையான பலம், ஓடுகிற வண்டியைத் தள்ளத் தேவையில்லை அல்லவா? அதனால் நிற்கும் எண் வேறு, எழும் எண் வேறு. வெப்பநிலைக்கேற்ப வேகத்தை மாற்றும் 'ஃபேன்கன்ட்ரோல்' நிரல் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் விசிறியின் இயல்பை மதிக்கும் பண்பு இருக்கிறது.

திரையில் 0 என்று வந்தாலும் அவசரப்படக் கூடாது. பழைய சென்சார் சிப்புகள் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 255 வரைதான் எண்ணும். எண்ணும் வேகத்தைக் குறைக்கும் 'வகுக்கும் எண்' 2 என்று இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 2,650 சுற்றுக்குக் கீழே ஓடும் விசிறி அதற்கு நின்றுபோன விசிறிதான். அதையே 8 ஆக்கினால் சுமார் 660 சுற்று வரை தெரியும். குப்பைக்குப் போகவிருந்த விசிறி பிழைத்துக்கொள்ளும்.

சர்வர்களில் வேகம் என்ன என்ற கேள்வியை 'ஐபிஎம்ஐ டூல்' கேட்கிறது. இயந்திரம் வேறு ஊரில் இருந்தாலும் அதன் விசிறிகள் ஒவ்வொன்றின் வேகமும் ஒரே வரிக் கட்டளையில் வந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு நிதானம் வேண்டும். கனமான வேலை எதுவும் ஓடாதபோது செய்யுங்கள். வெப்பநிலை மீது ஒரு கண் இருக்கட்டும்; அதற்கும் லினக்ஸில் ஒரு ஃபைல் உண்டு, அதில் 45000 என்றிருந்தால் 45 டிகிரி செல்சியஸ் என்று பொருள். முடிந்ததும் கட்டுப்பாட்டைத் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, விசிறி எழுந்த எண்ணை ஒரு சின்னத் தாளில் தேதியோடு எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி நிறுத்திப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் தூசி படிந்திருக்கலாம், அல்லது பேரிங் காய்ந்துகொண்டிருக்கலாம். சத்தம் போடத் தொடங்கும் முன்பே விசிறி சொல்லிவிடும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.