குலசேகரம் ஏற்றத்தில் 1400 ஆர்பிஎம்

பொலேரோ பிக்கப்பின் விவரங்கள் லோடு வண்டிக்காரர்களுக்கு மனப்பாடம்: இரண்டரை லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கோ 2023 முதல் 80 குதிரைத்திறன். அப்படியானால் சின்ன வண்டிதான் பலசாலியா? இரண்டையும் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். எத்தனை குதிரை என்று கேட்பவர்கள், அவை எந்த ஆர்பிஎம்மில் வேலைக்கு வரும் என்றும் கேட்க வேண்டும்.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் ஷீட் கட்டுகளோடு தோட்டப் பாதையில் ஏறுகிறோம். வளைவில் எதிரே ஒரு ஜீப். ஏற்றத்திலேயே நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். பிக்கப்பில் கிளட்சை மெல்ல விட்டாலே வண்டி நகர்ந்துவிடுகிறது. அந்தச் சுகத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். 200 நியூட்டன் மீட்டரும் 1400 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கிடைக்கிறது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். ஆக, அங்கேயே 40 குதிரை வந்தாயிற்று. சூப்பர் கேரியின் உச்ச டார்க் 104, அதுவும் 2900-இல். 1400-இல் அது என்ன முக்கினாலும் 21 குதிரையைத் தாண்டாது. 40-ஐத் தொட ஏறத்தாழ 2700 வரை முறுக்க வேண்டும். நின்று எடுக்கும்போது அந்த வித்தியாசத்தைக் கிளட்ச்தான் தேய்ந்து ஈடுகட்டுகிறது.

டீசல் என்றாலே இழுவை என்பார்கள் நம்மூர் ஓட்டுநர்கள். பாதிதான் சரி. இதே சூப்பர் கேரி 2016-இல் 793 சிசி டீசலில் வந்தபோது டார்க் 75 மட்டுமே. பிக்கப்பின் இழுவைக்கு அதன் எஞ்சின் அளவும் டர்போவும் முக்கியக் காரணங்கள்.

விளம்பரங்களில் குதிரைத்திறனை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவது எனக்குத் தீராத எரிச்சல். 80 குதிரையும் கிடைப்பது 6000 ஆர்பிஎம்மில். சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டரில் வேகக்கட்டுப்பாடு. டாப் கியரில் அந்த 6000-ஐ எங்கே போய்ப் பார்ப்பது? கடன் வாங்கி வண்டி எடுக்கிறவருக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

பெட்ரோலுக்கும் அதன் இடம் உண்டு. ஆடிக்காற்றில் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி நோக்கி வந்து பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று முகத்தில் அறையும். ஓட்டத்தில் காற்றை எதிர்க்கத் திறன்தான் வேண்டும். ஒரு கியர் குறைத்தால் பெட்ரோல் எஞ்சின் மகிழ்ச்சியாகச் சுற்றி அதைத் தந்துவிடுகிறது. 3200-இல் உச்சம் தொட்டுவிடும் டீசலில் அந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. தோவாளைப் பூ மாதிரி, எடை குறைந்த, சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய சரக்குக்குச் சூப்பர் கேரி தாராளம். அதன் சுமைத்திறனே 740 கிலோதான்.

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வாழைக்குலையும் ரப்பரும் இறக்குகிறவர்கள் பிக்கப்பையே பாருங்கள். 1300 கிலோ, 1700 கிலோ என இரு வகையிலும் கிடைக்கிறது. முன்பணம் கட்டும் முன், லோடு ஏற்றி ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.