சொல்லாமை என்னும் குற்றம்: போர்க்காலக் கண்காணிப்புச் சட்டமும் கல்முனைக் கரையும்

போர்க்காலத்தில் அரசொன்று தன் குடிகளைக் கண்காணிப்பதற்கு எத்துணை அதிகாரம் பெறலாம் என்ற வினா இலங்கையில் 1947 முதல் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. அவ்விவாதங்களைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். கைதுசெய்யப்பட்டவரை எத்தனை மாதம் தடுத்துவைக்கலாம், கட்டளையில் ஒப்பமிட வேண்டியவர் யார், பொலிசாரிடம் அளித்த வாக்குமூலம் நீதிமன்றில் சான்றாகுமா ஆகிய வினாக்களே அவற்றில் மேலோங்கி நின்றன. இவை உயிரோடு தொடர்புடைய பிரச்சினைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைதுக்கு முந்திய கட்டம், அதாவது ஒருவரைப் பற்றிய செய்தி அயலிலிருந்து அரசுக்குச் சென்றுசேரும் கட்டம், பெரும்பாலும் விவாதத்துக்குப் புறம்பாகவே இருந்துவிட்டது. அக்கட்டத்தைக் குறித்து இயற்றப்பட்டதே 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 5ஆம் பிரிவு. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்த கல்முனைக் கரையில் அப்பிரிவு என்ன பொருளைப் பெற்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இச்சட்டத்தின் முன்வரலாறு முற்போக்காளருக்குச் சங்கடம் தருவது. 1947 ஜூனில் அரசாங்க ஊழியரின் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, கொலன்னாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பலியான சில தினங்களுக்குள், அரசாங்க சபை 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. தொழிலாளர் இயக்கத்தை நோக்கி வார்க்கப்பட்ட ஆயுதம் அது. இடதுசாரிகள் அதனை வன்மையாக எதிர்த்தனர். எனினும் 1971 மார்ச்சில் அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது அவ்விடதுசாரிகள் ஆட்சியில் பங்காளிகளாக இருந்தனர். அந்த அவசரகால நிலை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நீடித்தது. கண்காணிப்பு அதிகாரத்தை எதிர்ப்பதும் ஏற்பதும் கொள்கையைக் காட்டிலும் ஆசனம் எப்பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. பிற்காலத்து முஸ்லிம் கட்சிகளை மட்டும் இக்குறைக்காகக் குற்றஞ்சாட்டுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

அவசரகால நிலைக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் இடையே அரசியல் நோக்கில் முதன்மையான வேறுபாடொன்று உண்டு. 1978ஆம் ஆண்டு யாப்பின் 155ஆம் உறுப்புரையின்படி அவசரகாலப் பிரகடனத்தை மாதந்தோறும் பாராளுமன்றம் அங்கீகரித்தல் வேண்டும். தொண்ணூறு நாட்களின் பின் அதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை என்றிருந்த ஏற்பாட்டை 1986இல் பத்தாவது திருத்தம் நீக்கிவிட்டது. அதன் பின்னர் மாதாந்த விவாதம் பெரும்பாலும் ஒரு சடங்காகவே நடந்தது. அரசதரப்பினர் படையினரின் தியாகத்தைப் பேசினர். தமிழ் உறுப்பினர் கைதுகளையும் காணாமற் போனோரையும் பட்டியலிட்டனர். பின்னர் வாக்கெடுப்பு நடந்தது. எனினும் சடங்குக்கும் ஒரு பயன் இருந்தது. 2001 ஜூனில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் ஒரு பகுதியினர் ஆட்சியை விட்டு விலகவே அரசு பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் அவசரகால நிலையைப் புதுப்பிக்க இயலாமல் அது காலாவதியானது. அம்பாறைக் கரையை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த கட்சியொன்றின் விலகல் நாட்டின் அவசரகால நிலையையே முடித்துவைத்தது என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு இத்தகைய மாதாந்த வாக்கெடுப்பு எதுவும் விதிக்கப்படவில்லை. 1979 ஜூலை 11இல் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அம்மாதத்திலேயே இம்மசோதா தேசிய நலன் கருதிய அவசர மசோதாவென உயர் நீதிமன்றுக்கு அனுப்பப்பட்டு, பாராளுமன்றில் ஒரே நாளில் நிறைவேறியது. மூன்றாண்டுக்கு எனக் கூறப்பட்டது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரிலுள்ள 'தற்காலிக' என்ற அடைமொழியை நீக்க மட்டும் ஒருவரும் முற்படவில்லை. 2001இல் அவசரகால நிலை வீழ்ந்தபோதும் இச்சட்டம் அசையாது நின்றது.

இனி 5ஆம் பிரிவைக் கவனிப்போம். இச்சட்டத்தின் கீழ்க் குற்றம் புரிந்தவரை, புரிய ஆயத்தம் செய்பவரை ஒருவர் அறிந்திருந்தும், அல்லது அவ்வாறு நம்புவதற்கு நியாயம் இருந்தும், பொலிசாருக்கு அறிவியாவிட்டால் அவர் குற்றவாளி. அத்தகையவரின் நடமாட்டம் பற்றியோ இருப்பிடம் பற்றியோ தகவல் வைத்திருந்து அறிவியாதவரும் குற்றவாளி. தண்டனை ஏழு ஆண்டு வரை சிறை. அடைக்கலம் அளிப்பது வேறு குற்றம். இப்பிரிவுக்கு எவ்விதச் செயலும் தேவையில்லை. பேசாதிருத்தலே போதும்.

பிரித்தானியாவின் 1976ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இதற்கொப்பான பிரிவொன்று, 11ஆம் பிரிவாக, இருந்தது. நமது சட்டத்தை நியாயப்படுத்தியவர்கள் ஐக்கிய இராச்சியத்தில் இல்லாததையா நாம் செய்தோம் எனக் கேட்பது வழக்கம். ஆனால் இரு பிரிவுகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு வேறுபாடு தெரியும். நியாயமான காரணமின்றி அறிவிக்கத் தவறுவோரையே பிரித்தானியச் சட்டம் குற்றவாளியாக்கியது. அந்நிபந்தனை இலங்கைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் காணப்படவில்லை. சொன்னால் தன்னையோ தன் பிள்ளையையோ கொன்றுவிடுவர் என்ற அச்சம் ஒருவர் வாயை மூடியிருக்கலாம். அவ்வச்சம் இப்பிரிவின் சொற்களுக்குள் இடம்பெறவில்லை. ஒளித்தவனுக்கும் நடுங்கியவனுக்கும் சட்டம் வேறுபாடு காட்டவில்லை. பதினெட்டு மாதத் தடுப்புக்காவலைக் கண்டித்து எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிடின் இவ்விடுபாடு பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம்.

கல்முனைக் கரையின் புவியியலை அறிந்தவர்க்கே இதன் முழுக்கனமும் விளங்கும். வடக்கிலிருந்து வருபவர் முதலில் காண்பது பெரியநீலாவணை என்ற தமிழூர். அடுத்து முஸ்லிம் நெசவாளரின் மருதமுனை. பின்னர் தமிழர் வாழும் பாண்டிருப்பு, இருசாராரும் கூடும் கல்முனைக் கடைத்தெரு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதற்குத் தெற்கே தமிழரின் காரைதீவு, மீண்டும் முஸ்லிம்களின் நிந்தவூர். ஓர் ஊரின் கடைசி வேலி மறு ஊரின் முதல் வேலி. மேற்கே விரியும் வயல்களில் நிலம் ஒரு சமூகத்தவரிடமும் உழைப்பு மறு சமூகத்தவரிடமும் இருப்பது புதிதன்று. போடியாரின் வாடியில் இரவு தங்கியவர் எவர், வழமைக்கு மாறாக அரிசி வாங்கிச் சென்றவர் எவர், மீன் வியாபாரி அதிகாலையில் தெருவில் கண்டது எவரை என்பனவெல்லாம் இங்கு வாழ்வின் சாதாரண அறிவு. கொடுக்கல் வாங்கலே அவ்வறிவின் மீது நடைபெறுகிறது. 5ஆம் பிரிவு கூறும் நடமாட்டமும் இருப்பிடமும் பற்றிய தகவல் என்பது இதுவன்றி வேறில்லை. ஆகவே இக்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ ஒவ்வொருவரும் ஏதோவொரு நாளில் இப்பிரிவின் எல்லைக்குள் நின்றவராவர்.

வீட்டுக்கு வீடு தங்கியிருப்போரின் பட்டியலைப் பொலிசார் கோருவதற்கு 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவிலேயே இடமுண்டு. குடியேற்ற ஆட்சியின் அப்பழைய பிரிவு போர்க்காலத்தில் புதுவலிமை பெற்றது. அதனோடு ஆள் அடையாள அட்டையும் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் சேர்ந்தன. சுற்றிவளைப்பின் உச்சக் காட்சி தலையாட்டி. மைதானத்திலோ பாடசாலை வளவிலோ ஆண்களை வரிசையாக விட, முகத்தை மறைத்த ஒருவர் தலையசைப்பார். அசைப்புக்கு அகப்பட்டவர் வாகனத்தில் ஏற்றப்படுவார். அந்த முகமூடிக்குள் இருப்பவர் எச்சமூகத்தவர் என்ற வினாதான் வீடு திரும்பியவர்களின் முதல் வினாவாக இருந்தது. முகமூடி ஒருவரை மறைத்தது. அதன் விளைவாக ஒரு சமூகம் முழுவதும் மறு சமூகத்தின் கண்ணுக்குத் தகவலாளியாகத் தோன்றிற்று. அரசுக்கு இதனால் கிடைத்த தகவல் எவ்வளவு என்பது வேறு கதை. அயலவர் ஒருவரையொருவர் வாசிக்கும் முறையையே அது மாற்றிவிட்டது.

இது அரசின் பக்கத்தை மட்டுமே கூறுவதாகும். ஆயுத இயக்கங்களும் தமக்கென ஒரு சட்டத்தை வைத்திருந்தன. அதில் சொல்லுதலே குற்றம், தண்டனை மின்கம்பத்தில். எண்பதுகளில் 'காட்டிக்கொடுத்தவர்' என்ற அட்டை தொங்கிய உடல்களுக்கு முன்னர் எவ்வித விசாரணை நடந்தது என எவரும் கேட்கத் துணியவில்லை. அரசின் சட்டமும் இயக்கத்தின் சட்டமும் ஒன்றையொன்று எதிர்ப்பனவாகத் தோன்றினும், மனிதனின் மௌனத்துக்கு இடமளிக்க மறுத்தமையில் இரண்டும் உடன்பிறந்தவையே. யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டு எழுதப்பட்ட முற்போக்குத் திறனாய்வுகள் முதலாவதைக் கண்டித்த அளவுக்கு இரண்டாவதைக் கண்டிக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பு இவ்வகையில் விதிவிலக்கு. அதற்கு அது கொடுத்த விலை, 1989 செப்டெம்பர் 21இல் கொல்லப்பட்ட ராஜனி திராணகமவின் உயிர்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் அதன் வலுவோடு எடுத்துரைத்தல் நேர்மையாகும். 1990 ஜூன் 11இல் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்துகொண்ட விடுதலைப் புலிகள், சரணடைந்த பொலிசாரில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். படையினர் கல்முனைக்குள் மீண்ட நாட்களில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். பலர் காணாமற் போயினர். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோரும், சில நாட்களில் ஏறாவூர் மக்களும் புலிகளால் படுகொலை செய்யப்பட்டனர். இவற்றின் பின்னர் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற் படையினருக்கு ஆயுதம் வழங்கப்பட்டபோது, கண்காணிப்பு அதிகாரம் அவ்வூர்களுக்கு ஒடுக்குமுறையாக அன்றி உயிர்க்காப்பாகவே தோன்றிற்று. 1989இலும் 1994இலும் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து தெரிவான எம். எச். எம். அஷ்ரஃப், வடகிழக்கில் அவசரகால நிலையைப் பேணிய ஆட்சியில் அமைச்சராக இருந்ததை இச்சூழலிலிருந்து பிரித்தெடுத்து மதிப்பிடலாகாது. இரவில் தாக்க வருவோரைப் பற்றி முன்கூட்டி அறிவது நிந்தவூரில் கொழும்பு அறிஞரின் கோட்பாட்டு வினாவன்று.

ஆனால் இவ்வாதம் தகவலின் தேவையை நிறுவுகின்றதேயன்றி 5ஆம் பிரிவின் தேவையை நிறுவவில்லை. தகவல் தருபவரைக் காப்பதற்கு அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. தராதவருக்குத் தண்டனை மட்டுமே உண்டு. அயலூரில் தாக்குதல் திட்டமிடப்படுவதை அறிந்த தமிழரொருவர் அதை முஸ்லிம் நண்பருக்குச் சொல்ல விரும்பியிருக்கலாம். பொலிசாருக்குச் சொல்ல அஞ்சியிருப்பார். முதலாவது செயல் ஓர் ஊரைக் காக்கக்கூடியது. சட்டம் கேட்டது இரண்டாவதை மட்டுமே. முதலாவதைச் செய்தவரும் சட்டத்தின் முன் அறிவியாதவரே ஆவர்.

ஹன்சாட்டில் இடம்பெறாத இவ்வச்சத்தைப் படைப்பிலக்கியம் பதிவு செய்துள்ளது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், யாழ்ப்பாண நூலக எரிப்பை அடுத்து எழுதிய 'புத்தரின் படுகொலை' (1981) என்ற கவிதையில் கொலைஞர் சீருடையில் வருவதில்லை. அக்கவிதையைப் பௌத்தத்தின் வீழ்ச்சி பற்றியதாக மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அரசு சாதாரண மனிதனின் உடையை அணிந்துகொண்டு தெருவில் இறங்கியதைக் கவிஞர் அன்றே கவனித்தார் என்பதும் அதே அளவு முக்கியமானது. பின்வந்த சோலைக்கிளியிடம் இது வேறு வடிவம் பெற்றது. 'நானும் ஒரு பூனை' (1985), 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991), 'பாம்பு நரம்பு மனிதன்' (1995) எனத் தொகுதிகளின் பெயர்களே வீட்டைச் சுற்றித் திரியும் உயிர்களால் நிறைந்துள்ளன. இப்படிமங்களைத் தனிமனித மனவுலகின் விசித்திரமெனக் குறைகூறிய முற்போக்கு விமரிசனம் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. ஆளின் பெயரும் இடத்தின் பெயரும் சான்றாகிவிடும் காலத்தில் காகத்தைப் பற்றிப் பேசுவது தப்பியோடலாகாது. அது அக்காலத்தின் மொழி.

ஆயினும் படிமமும் காப்பாற்றாத நாள் வந்தது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தம் 'நவரசம்' (2017) என்ற கவிதைத் தொகுதியின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். தமிழ்க் கவிதையின் உருவகங்கள் தமிழறியாதோர்க்காகப் பெயர்க்கப்பட்டபோது தீவிரவாதமாயின. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. தமிழ்த்துறைகள் இவ்வழக்கைத் தம் துறைக்குரிய விடயமாகக் கருதியிருக்க வேண்டும்.

கைதுக்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்தது நமது வாதத்துக்கு நேரடிச் சான்று. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர், 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் மறைந்திருந்தோரைப் பற்றி ஐயமுற்று அறிவித்தவர் அவ்வூர் மக்களே. ஏழாண்டுச் சிறைக்கு அஞ்சி அவர்கள் பேசவில்லை. காத்தான்குடி முஸ்லிம்கள் சஹ்ரானைப் பற்றிப் பல காலம் முன்னரே முறையிட்டிருந்தனர். அயல்நாட்டு எச்சரிக்கையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வந்திருந்தது. தகவல் இல்லாமையால் நேர்ந்த அழிவன்று அது. அதன் பின் கண்காணிப்புக்கு உள்ளானதோ தகவலைப் பெற்றும் வாளாவிருந்த அலுவலகங்களைவிட, தகவல் தந்த சமூகமே.

2022 மார்ச்சில் நிறைவேறிய 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுத்துவைத்தலின் உச்சக் காலத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மீண்டும் மாதங்களையே எண்ணினர். 5ஆம் பிரிவு அத்திருத்தத்தில் தொடப்படவில்லை; பிரித்தானியச் சட்டத்தில் இருந்த நியாயமான காரணம் என்ற நிபந்தனையைச் சேர்க்கும் வாய்ப்பும் அவ்வாறே கடந்துபோயிற்று.