இரண்டு கட்டம் மெஜந்தா

படப்பை ஏரிப் பக்கம், காலை பத்து மணி மரநிழலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக இருக்கும். முகத்தில் கடுநிழல் விழாது. ஆனாலும் கன்னத்திலும் கழுத்திலும் லேசாகப் பச்சை படர்ந்திருக்கும். ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’ என்று வைத்தால் பச்சைக்கு மேல் மஞ்சளும் ஏறும். கெல்வினை 5200-க்கு இறக்கினாலும் 7500-க்கு ஏற்றினாலும் அந்தப் பச்சை அசையாது. கெல்வின் ஓடுவது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில். இலைகள் வடிகட்டி அனுப்பிய வெளிச்சத்தின் கோளாறோ வேறொரு அச்சில் இருக்கிறது.

கேமரா மெனு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம், அந்த அச்சைக் கையில் கொடுக்கும் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட். கேனானில் அது ஒரு சின்னக் கட்டச் சதுரம். இடம் வலமாக நீலமும் ஆம்பரும், மேலும் கீழுமாகப் பச்சையும் மெஜந்தாவும். நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 9 படி, நிக்கானில் 6. நீலம்–ஆம்பர் பக்கம் ஒரு படி ஏறத்தாழ 5 மைரெட் (நிறவெப்ப மாற்றத்தை அளக்கும் அலகு) என்று கேனான் கையேடே சொல்கிறது. அவ்வளவு நுணுக்கமான கருவி அது. பலர் கேமரா வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

புள்ளியை மெஜந்தா பக்கம் ஒரு கட்டம் இறக்குங்கள். மாநிறக் கன்னத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டாவது கட்டத்தில் முகம் முழுசாகத் திரும்பி வந்துவிடும்: நெற்றியின் பளபளப்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் இயல்பான கருமை, உதட்டின் பழுப்புச் சிவப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மூன்றாவது கட்டத்துக்குப் போனால் வெள்ளை வேட்டியின் மடிப்பில் ரோஸ் தட்டும். நிழலுக்கு நிழல் கணக்கு மாறும். ஆனால் இந்தப் பக்கத்து மரநிழலில் நான் பெரும்பாலும் இரண்டோடு நிற்கிறேன்.

‘ராவில் எடுத்துவிட்டால் பிறகு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமே’ என்பார்கள். மாற்றலாம்தான், ரா ஃபைலில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு, எத்தனை முறை திருத்தினாலும் சேதாரம் இல்லை. ஆனால் எந்த நிறத்துக்கு மாற்றப்போகிறோம்? மூன்று நாள் கழித்து மானிட்டர் முன் உட்காரும்போது அந்த முகமும் அந்தப் புடவையும் எதிரில் இல்லை. இருப்பது ஞாபகம் மட்டும். ஞாபகமோ எதையும் கொஞ்சம் அழகாக்கியே வைத்திருக்கும். கச்சேரி முடிந்தபின் யாரும் சுருதி சேர்ப்பதில்லை. நின்ற இடத்திலேயே கிரே கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு ஃப்ரேம் எடுத்துக்கொண்டு போகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சாட்சியைக் கூடவே கொண்டுபோகிறார்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்புகிறவர்களுக்குக் கல்யாண மண்டபமே பதில் சொல்லும். படப்பை வழியே போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அப்படியே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவிடும் பாதை. இங்கே மணமேடை ஏறும் பட்டுக்கு அதுதான் ஊர். அரக்குப் பட்டு ஃப்ரேமை நிறைத்தால், வெளிச்சமே சிவப்பு என்று எண்ணி ஆட்டோ எதிர்ப்பக்கம் இழுக்கும். பெண்ணின் முகம் சாம்பல் பூத்துப்போகும். வெளிப்பாட்டிலும் கண் வேண்டும். சாதாரண ஹிஸ்டோகிராம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்புச் சானல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அரக்கு தட்டையாகி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைப் பார்த்து மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் புடவை பிழைக்கும்.

மட்டமான எல்.இ.டி.க்கு மட்டும் எந்த அமைப்பும் மருந்தில்லை. விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று பெட்டியில் போடும் சி.ஆர்.ஐ. எண் முதல் 8 மாதிரி நிறங்களின் சராசரி. அடர்சிவப்பான ஆர்9 அதில் சேராது. அதனால் 80 என்று போட்ட விளக்கின் கீழும் குங்குமம் செத்துக் கிடக்கும். வெளிச்சத்திலேயே இல்லாத சிவப்பைக் கேமரா எங்கிருந்து கொண்டுவரும்? பெண்ணை ஜன்னலோரம் அழைத்துப்போய் நான்கு படமாவது எடுத்துவிடுவது நல்லது.

இதற்காக எல்லாவற்றையும் வெளுத்து நடுநிலையாக்கவும் கூடாது. குத்துவிளக்கின் சுடர் 2000 கெல்வினுக்கும் கீழே. அதை முழுக்கச் சரிசெய்தால் விளக்கடியில் இருக்கும் முகம் டியூப்லைட் முகமாகிவிடும். நம் கண் அந்த மஞ்சளில் ஒரு பகுதியைத்தான் தள்ளுகிறது, மீதியை வைத்துக்கொள்கிறது. 3200-ல் வைத்தால் அந்த மீதி படத்திலும் நிற்கும். கண் கண்டதுதான் சரியான நிறம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசான் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. ‘மூன்றாம் பிறை’ (1982) ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ‘வீடு’ (1988). ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் அர்ச்சனாவின் கறுத்த முகம், பூச்சு ஏதுமில்லாமல், அதன் நிறத்திலேயே இருக்கிறது. ஃபிலிமும் லேபும் இருந்த காலத்தில், கட்டச் சதுரமோ உடனே பார்க்கும் திரையோ இல்லாமல் செய்த வேலை அது. 1976-ல் வந்த மெக்பத் கலர்செக்கர் நிற அட்டையின் 24 கட்டங்களில் முதல் கட்டம் கருந்தோல் நிறம். நிறத்தை அளக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கினார்கள். அளவுகோல் கையில் இருந்தும் நம் ஆல்பக்காரர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

இன்றைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மனம் கசக்கிறது. மாப்பிள்ளை, பெண், பாட்டி, பந்தி பரிமாறுகிறவர் என்று எல்லோருக்கும் ஒரே கோதுமை நிறம். இலைப்பச்சை நீலப்பச்சையாகி, தோல் ஆரஞ்சாகிவிட்டது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் கொடுத்த அந்த நீலம் பக்கத்துக்குப் பக்கம் வேறு நீலமாக இருக்கிறது. 5200 கெல்வின் வெயிலில் பொருளின் நிறத்தோடு ஒத்துப்போவதற்கென்றே கேனானில் ‘ஃபெய்த்ஃபுல்’ என்றொரு பிக்சர் ஸ்டைல் உண்டு. ‘மங்கலா இருக்கு சார்’ என்று அதை ஒதுக்குகிறார்கள். மங்கலாகத் தெரிவது அளவுக்கு மீறிய நிறத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு.

இதை ஸ்டுடியோக்காரர்கள் தாமாக மாற்ற மாட்டார்கள். பணம் கொடுக்கிறவர்கள்தான் கேட்க வேண்டும். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் ஒரே ஒரு பிரிண்ட் வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் பெண்ணின் கையையும் கட்டிய புடவையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். எடுத்தவர் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை.